அறுநூறு கன்று

என் அம்மா ஜெயஷீலாவுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. நாசரேத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சராக இருந்தவள். மைதானத்தின் ஒரு கோடியில் நின்றுகொண்டு மறு கோடியில் செருப்பில்லாமல் ஓடும் பிள்ளையைப் பேர் சொல்லி நிறுத்துவாள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதை ஊத வேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு முத்தையாபுரத்துக்கு என்னோடு வந்துவிட்டாள். நான் அவள் மகள், துறைமுகத்தில் கருவிப் பொறியாளர். நிலக்கரி ஏற்றும் பெல்ட்டுகளின் சென்சார்கள் என் பொறுப்பு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் எனக்குப் பேச வராது. அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். காய்கறிக்காரரோடு, மேல்வீட்டுக்காரியோடு, டி.வி.யில் செய்தி வாசிப்பவரோடு.

தூத்துக்குடியில் ஒவ்வொரு மாசியிலும் விவசாயக் கண்காட்சி நடக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு. பாளையங்கோட்டை சாலையோரத் திடலில் பந்தல் போடுவார்கள். அம்மா முதல்முறை அங்கே போனது மொட்டைமாடித் தொட்டியில் வைக்க ஒரு எலுமிச்சைச் செடி வாங்கத்தான். நானும் கூடப் போனேன். மேடையில் ஒருவர் சுத்தமான மேடைத் தமிழில் அறிவித்துக்கொண்டிருந்தார்: “சுமார் நான்கு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது.” நெடுநேரமாக அதையே சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா மேடையேறி அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

“ஏளா, சிவப்பு ரிப்பன் கட்டுன பிள்ளையோட அம்மா! உன் பிள்ளை இங்கன மேடையில ஐஸ் தின்னுக்கிட்டிருக்கா. ஐஸ் தீரப்போவுது. தீந்தா அழுவா. ஓடி வா!”

ஐஸ் தீருமுன்பே தாய் வந்துவிட்டாள். அடுத்த வருடம் கண்காட்சிக் குழுவினர் வீட்டுக்கே வந்து அழைத்தார்கள்.

மைக் செட் பெரியதாழை பாஸ்கலுடையது. கோயில் திருவிழா, கல்யாணம், கண்காட்சி எல்லாவற்றுக்கும் அவர்தான். அம்மா பேசத் தொடங்கியதும் ஆம்ப்ளிஃபயரின் குமிழைப் பாதிக்குக் கீழே திருப்பிவிடுவார். “டீச்சருக்கு மைக் வேண்டாம். நான் சும்மா அழகுக்குத்தான் கொண்டாந்து வச்சிருக்கேன்” என்பார். முன்னால் மைக் இருக்கிறது என்பதையே அம்மா நம்பவில்லை. திடலின் மறுகோடியில் நிற்கும் ஆளைப் பார்த்துத்தான் பேசுவாள்.

கண்காட்சி என்றால் டிராக்டர் பார்ப்பது, பம்ப்செட் பார்ப்பது, விதைப் பாக்கெட் வாங்குவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. விளாத்திகுளம் கரிசல்காட்டில் மக்காச்சோளம் போட்டவருக்கு அறுவடை இயந்திரம் வாடகைக்கு வேண்டும். இயந்திரம் வைத்திருப்பவர் பாஞ்சாலங்குறிச்சிக்காரர், வேலை கிடைக்காமல் அதை நிறுத்திவைத்திருக்கிறார். இருவரும் ஒரே பந்தலில் ஒரே கடையில் கரும்புச்சாறு குடிக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. அம்மா இரண்டு பேரையும் மேடைக்குக் கூப்பிடுவாள். அவர்கள் பேசிக்கொண்டே நகர்வார்கள். அடுத்த ஆள் வருவார்.

“கல்யாணத் தரகு மாதிரிதான். ஜாதகம் கேக்கதில்ல, அவ்வளவுதான்” என்பாள்.

முதல் வருடம் ஒரு தவறு செய்தாள். மேடையருகே யாரோ குடையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். “வெள்ளை வேட்டி கட்டுன அண்ணாச்சி ஒருத்தர் குடையை விட்டுட்டுப் போயிட்டாவ. வந்து வாங்கிக்கிடுங்க” என்று அறிவித்தாள். மேடைக்கு முன்னால் பெரிய வரிசையே திரண்டுவிட்டது. அந்தத் திடலில் வெள்ளை வேட்டி கட்டாதவர் இல்லை. வயது நாற்பதைத் தாண்டிய யாரும் அண்ணாச்சிதான். குடை பிடித்துப் பழக்கமே இல்லாத ஒருவரும் வரிசையில் நின்றார்.

“உங்க குடையா அண்ணாச்சி?”

“இல்ல டீச்சர். அண்ணாச்சின்னு கூப்பிட்டிய. வராம இருக்க முடியுமா?”

அன்றிலிருந்து ஊர்ப்பேர் சொல்லாமல் யாரையும் கூப்பிடமாட்டாள்.

மார்கழி வெள்ளம் வந்த அந்த வருடக் கடைசியிலேதான் அம்மாவின் தொண்டை கட்டியது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் மேல்ஸ்தாயி எட்டவில்லை. சளி என்றாள். பொங்கல் போன பிறகும் சரியாகவில்லை. திருநெல்வேலியில் பார்த்தோம். குரல்நாணில் கட்டி. சிகிச்சை உடனே தொடங்க வேண்டும், அதுவரை சத்தம் போடவே கூடாது என்றார் டாக்டர். மாசியில் கண்காட்சி. மாசி முடிந்ததும் வருகிறேன் என்று அம்மா அவரிடம் தேதி வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் லீவு கேட்கிற தோரணையில்.

“டாக்டர் பேசக்கூடாதுன்னு சொன்னாரும்மா.”

“சத்தம் போடக்கூடாதுன்னாரு. மைக்ல பேசக்கூடாதுன்னு சொல்லல. மைக் எதுக்குளா இருக்கு?”

அத்தனை வருடத்தில் அன்றுதான் அவளுக்கு மைக் ஞாபகம் வந்தது.

நான் பாஸ்கலிடம் போனேன். உதட்டோடு ஒட்டிவைத்துப் பேசும் மைக் ஒன்றை மாட்டினோம். கீழ்ச்சுருதியை வெட்டி, பேச்சுக்கு வேண்டிய அலைவரிசையை மட்டும் தூக்கினேன். ஹார்ன்களின் முகத்தை மேடையைப் பார்க்காதபடி திருப்பினேன், அவற்றின் சத்தமே மைக்குக்குள் திரும்பப் புகுந்து ஊளை விழாமல் இருக்க. அம்மா முணுமுணுத்தால் திடல் முழுக்கக் கேட்டது. அதோடு ஒரு விதியும் போட்டேன். ஒரு அறிவிப்புக்கு ஏழு சொல். அதற்கு மேல் கூடாது.

“ஜெபத்துக்குமா?”

“ஜெபத்தை மனசுக்குள்ள பண்ணு.”

ஒப்புக்கொண்டாள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் விரல் மடக்கி எண்ணுவாள். பாஸ்கல் முதல்முறையாகக் குமிழை மேலே திருப்பினார். அப்போது அவர் அம்மாவைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சுடலைக்கண்ணன் மேடைக்கு வந்தார். ஏரல்காரர், அறுபதைத் தொட்டவர், தாமிரபரணிக் கரையில் வாழைத்தோட்டம். வெள்ளத்தில் தோட்டம் முழுக்கப் போய்விட்டது. மரம் சாய்ந்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், நாள்கணக்கில் தண்ணீர் நின்று மண்ணுக்குள் கிழங்கும் அழுகிவிட்டது என்றார். வாழைக்கு விதை கிடையாது. கிழங்கிலிருந்து பக்கத்தில் முளைக்கிற கன்றைத் தோண்டி எடுத்துத்தான் அடுத்த நடவு. கிழங்கு போனால் கன்றும் போனது.

“என்ன வாழை வச்சிருந்திய?” அம்மா கிசுகிசுத்தாள்.

“பூலாஞ்செண்டு, டீச்சர். அறுநூறு கன்னு வேணும். எங்க பக்கத்துல ஒருத்தன்ட்டயும் இல்ல. எல்லார் கதியும் ஒண்ணுதான்.”

“அங்கன லேப்ல வளர்த்த திசு வாழைக்கன்னு கடை போட்டிருக்காவளே.”

“பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. அதுக்கு நேரம் தப்பாம தண்ணியும் உரமும் வைக்கணும். நான் ஒத்த ஆளு. பூலாஞ்செண்டுன்னா ஒருநாள் மறந்தாலும் கோவிச்சுக்கிடாது.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எம்மவன் முத்தையாபுரத்துல கம்பெனில இருக்கான். இந்த மாசிக்குள்ள கன்னு கிடைக்கலன்னா வயலைச் செங்கச்சூளைக்காரனுக்கு மண்ணெடுக்க விட்டுட்டு அவன்கூட வந்து இருந்துரணும்னு சொல்லுதான். மாசி போனா வாய்க்காலும் அடைச்சிருவாவ. நானும் சரின்னுட்டேன். இங்கன பார்த்துட்டுப் போயிரலாம்னு வந்தேன்.”

மண்ணெடுத்த வயல் திரும்ப வயலாகாது. அது எனக்கே தெரியும்.

அம்மா விரலை மடக்கினாள். “ஏரலுக்கு அறுநூறு பூலாஞ்செண்டு வாழைக்கன்று வேண்டும். மேடைக்கு வரவும்.” சரியாக ஏழு.

யாரும் வரவில்லை. வாழைக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். அவர்களும் ஆற்றங்கரைக்காரர்கள், அவர்களும் கன்று தேடித்தான் வந்திருந்தார்கள். திசு வாழைக் கடைக்காரர் மட்டும் விளம்பரத் தாளோடு வந்தார். சனிக்கிழமையும் அதேதான். மணிக்கு ஒருமுறை அம்மா அறிவித்தாள். சுடலைக்கண்ணன் மேடைப் படியின் ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். மதியம் அம்மா அவருக்கும் சேர்த்துப் பொட்டலம் வாங்கிவரச் சொன்னாள்.

வீட்டுக்கு வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள். “நாளைக்கு ஒரு நாளு இருக்குளா.” காற்றில் பாதிதான் கேட்டது.

ஞாயிறு காலை குரல் இன்னும் மோசமாக இருந்தது. காற்றும் கரகரப்பும்தான் வந்தன. விதியைத் திருத்தினேன். ஏழு இல்லை, ஐந்து.

முறைத்தாள். பிறகு விரலைப் பார்த்தாள். ஐந்தில் எதை விடுவது? ஊரை விட முடியாது. எண்ணிக்கையை விட முடியாது. இரண்டு நாளாகக் கேட்கிறார்களே, வாழைதான் என்று எல்லாருக்கும் தெரியுமே. அப்படி நினைத்திருப்பாள்.

“ஏரலுக்கு அறுநூறு கன்று வேண்டும். வாங்க.”

ஞாயிற்றுக்கிழமைதான் கால்நடைப் போட்டி. மாட்டுக்காரர்கள் அன்று காலையில்தான் லோடு ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அறிவிப்பு அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

முதலில் ஒருவர் செவலைக் கன்றுக்குட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்து நின்றார். காசிலிங்கம், சாத்தான்குளத்துக்கு மேற்கே ஏதோ ஊர்.

“இந்தா டீச்சர், கன்னு.”

அம்மா கன்றைப் பார்த்தாள். கன்று அம்மாவைப் பார்த்தது. அதற்குள் பின்னால் நாலைந்து பேர். அவர்களுக்குப் பின்னால் புழுதி. வெள்ளத்தில் மாடு செத்தவர்களுக்கு ஏதோ ஒரு சங்கம் கன்றுக்குட்டி வாங்கிக்கொடுக்கிறது, அறுநூறு எடுக்கப்போகிறார்கள் என்று மாட்டுக் கொட்டகை முழுக்கச் செய்தி பரவிவிட்டிருந்தது.

“ஏலே, தள்ளாத. நான்தாம்லே முதல்ல வந்தேன்.”

“முதல்ல வந்தா ஆச்சா? உன் கன்னு எலும்பா நிக்கி. ஏரலுக்குப் போய்ச் சேருமாலே அது?”

“உன் கன்னு கொழுத்துருக்கோ? நேத்து வரைக்கும் அது ஆடுன்னுல்லா நினைச்சேன்!”

சுடலைக்கண்ணன் எழுந்து நின்றுவிட்டார். யாரோ அவரைக் காட்டி, இவர்தான் ஏரல் ஆள் என்று சொல்லிவிட்டார்கள். நாலு பேர் கயிற்றை அவர் கையில் திணிக்கப் பார்த்தார்கள்.

“எனக்கு எதுக்குவே இம்புட்டு மாடு?” என்றார். அழுவதுபோல இருந்தது முகம்.

அம்மா மைக்கில் வாயை வைத்தாள். காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றாள். அதுவும் இல்லை. கூட்டம் மேடையை நெருக்கியது. பந்தல் கால் ஒன்று ஆடியது. அம்மா கழுத்திலிருந்த விசிலை எடுத்தாள். நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பாய்ந்தேன். எட்டவில்லை.

முணுமுணுப்பைத் திடலுக்குக் கேட்கவைக்க நான் ஏற்றி வைத்திருந்த அளவில், அம்மா விசிலை மைக்குக்குள் ஊதினாள்.

அந்தச் சத்தத்தை எழுத முடியாது. கன்றுக்குட்டிகள் நான்கு கால்களையும் தூக்கின. ஒன்று சொட்டுநீர்க் குழாய்க் கடைக்குள் புகுந்து, சுருள் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மறுபக்கம் வந்தது. “மாதாவே, என் ஹார்னு!” என்று பாஸ்கல் தலையில் கைவைத்தார். பிறகு திடலே அமைதியானது. ஜூஸ் கடை மோட்டாரைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

அம்மா இருந்த குரலை எல்லாம் சேர்த்து ஒரே சொல் சொன்னாள்.

“வாழைக்கன்று.”

அப்புறம் சிரிப்பு பந்தலைத் தூக்கியது. காசிலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை.

“வாழைக்கன்னா? அதுக்கா இந்த வெயில்ல மாட்டை இழுத்துட்டு வந்தேன்? வாழைக்கன்னை எங்க ஊர்ல மாட்டுக்குல்லா போடுதோம்!”

அம்மாவின் சுட்டுவிரல் உயர்ந்தது. மைதானத்தில் ஒரு பிள்ளையை நிறுத்துகிற விரல். காசிலிங்கம் நின்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளுக்காகக் கேட்டேன்.

“என்ன ரகம் அண்ணாச்சி?”

“பூலாஞ்செண்டு. தொழுவத்துத் தண்ணி போற இடம் பூரா அதான் நிக்கி. ஒரு வீடு விடாம நிக்கி. பக்கத்துல மொளைச்சு மொளைச்சு வந்தா என்ன செய்ய? வெட்டி வெட்டி மாட்டுக்குப் போட்டே கை வலிக்கி.”

சுடலைக்கண்ணன் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். “வெட்டாதிய” என்றார்.

“எங்க ஊர்லயும் நிக்கி” என்றார் பின்னால் ஒருவர். “எங்க தொழுவத்துலயும்” என்றது இன்னொரு குரல். எல்லாம் மேட்டுப்பாங்கான ஊர்கள், வெள்ளம் ஏறாதவை. அவர்களில் ஒருவரும் வாழைக்காரர் இல்லை. வாழை அவர்களுக்கு மாட்டுத்தீவனம். வாழைக்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருந்தால் அவர்கள் வந்திருக்கவே மாட்டார்கள்.

அதன் பிறகு அம்மாவுக்குக் குரல் தேவைப்படவில்லை. கையை நீட்டி, விரித்து, மடக்கி, மாட்டுக்காரர்களை ஊர்வாரியாக வரிசையில் நிறுத்தினாள். முன்னவர் தோளில் கைவைத்து இடைவெளி பார்க்கவும் வைத்தாள். கன்றுக்குட்டிகளோடு அவர்கள் அப்படி நின்றதை யாரோ படம் எடுத்தார்கள். எந்த வீட்டில் எத்தனை கன்று நிற்கும் என்று சுடலைக்கண்ணன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். வரிசை முடியுமுன்பே அறுநூறு நிறைந்துவிட்டது. அவர் அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டே போனார்.

அன்று மாலை ஸ்கூட்டரில் ஏறுமுன் அம்மா என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்: “அஞ்சு சொல்லுன்னு சொன்னியே. பார்த்தியா?”

“அது பிழைம்மா.”

“பிழைதான்” என்று சத்தமில்லாமல் சிரித்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

கன்றுகள் அடுத்த வாரமே ஏரலுக்குப் போயின. நடவன்று அம்மாவை அழைத்துப் போனேன். மறுநாள் சிகிச்சைக்குச் சேர வேண்டும். வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குழி வரிசை கோணலாகப் போகிற இடமெல்லாம் விசிலை ஊதினாள். சுடலைக்கண்ணனின் மகன் மண்வெட்டியோடு நின்றவன், “இது யாருப்பா, ரெஃப்ரியா?” என்று கேட்டான். “கையை ஓட்டுலே” என்றார் அவர்.

ஐப்பசியில் அம்மா இறந்தாள். கடைசி மாதங்களில் பேச்சு இல்லை. விசில் இருந்தது. ஒரு ஊதல் தண்ணீர், இரண்டு ஊதல் நான். இப்போது வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கிறது. வாங்கி எத்தனையோ வருடமாகிறது, அது சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது.

நாசரேத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தபோது சுடலைக்கண்ணன் வெளிவாசலிலேயே நின்றுவிட்டார். வேதக்காரர்கள் இடத்துக்குள் தான் வரலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. நான் போய்க் கூட்டி வந்தேன். மண்ணள்ளிப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“வாழை நல்லா வந்துருக்கும்மா” என்றார். “பக்கக்கன்னு விட்டுருக்கு. டீச்சர்ட்ட சொல்லணும்னு இருந்தேன்.”

அன்று எனக்கு நிறையப் பேர் ஆறுதல் சொன்னார்கள். நினைவில் இருப்பது இது ஒன்றுதான்.

இந்த மாசியில் கண்காட்சிக்குப் போவதாக இல்லை. ஞாயிறு காலை பாஸ்கல் போன் பண்ணினார். “மைக்ல ஊளை விழுது மேடம். எனக்குப் பிடிபடல. ஒரு எட்டு வந்து பாருங்க.” போனேன். ஊளை எதுவும் விழவில்லை. பாஸ்கல் ஹார்னைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேடையருகே ஒரு லோடு ஆட்டோ. அது நிறைய வாழைக்கன்றுகள், சாக்கு நனைத்துப் போர்த்தியிருந்தது. சுடலைக்கண்ணன் இறங்கினார். ஆற்றங்கரையில் இன்னும் கன்று கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுக்கக் கொண்டுவந்தேன் என்றார். மேடையில் இருந்த புது அறிவிப்பாளர் கீழே குனிந்து கேட்டார், என்னவென்று சொல்ல?

“டீச்சர் கன்னுன்னு சொல்லுங்க. எல்லாத்துக்கும் தெரியும்.”

அறிவிப்பாளருக்குப் புரியவில்லை. “பூலாஞ்செண்டு வாழைக்கன்றுதானே?” என்றார்.

“அதேதான். ஆனா அப்படிச் சொன்னா யாருக்குத் தெரியும்?”

பாஸ்கல் மைக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நான் மேடையில் பேசியதில்லை. விரலை மடக்கினேன்.

“டீச்சர் கன்று வந்திருக்கிறது. மேடைக்கு வாங்க.”

என் குரல் சின்னது. பாஸ்கல் குமிழை மேலே திருப்பினார். இன்னொருமுறை சொன்னேன்.

வந்தார்கள். ஆற்றங்கரைக்காரர்கள், கையில் சாக்கோடும் கயிறோடும். ஒருவரும் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. சுடலைக்கண்ணன் கிழங்கைத் திருப்பித் திருப்பிக் காட்டி, அழுகல் இல்லை, பாருங்கள் என்று எண்ணிக் கொடுத்தார்.

கடைசியில் கூட்டம் விலகி வழிவிட்டது. காசிலிங்கம் ஒரு செவலைக் கிடேரியை ஓட்டிக்கொண்டு வந்து மேடைக்கு முன்னால் நிறுத்தினார். போன வருடத்துக் கன்றுதான். கொம்பு முளைத்திருந்தது.

“என்ன அண்ணாச்சி, மாட்டோட?” என்றேன்.

“கன்னுன்னு கூப்பிட்டிய” என்றார். “வராம இருக்க முடியுமா?”